வலிக்காதார் சுக்கான் தூணில் கேபிள் மாற்றிய படலம்

வாழ்க, கடைவாய்ப்பல் கண்டு கலங்காத நெஞ்சினர். வாழ்க, ஒரே ஊசியால் ஊர்வாயை மரக்கச் செய்து உட்காரவைத்த கையினர். முப்பத்தோராண்டு பிறர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தும் மானிடர்மேல் வெறுப்புறாத விழியினர். 'வலிக்காது, வலிக்காது' என்று சொல்லிச் சொல்லியே வலிக்கவைத்த பெருமையால் 'வலிக்காதார்' என்னும் விருதுப்பெயர் பூண்ட பல் மருத்துவர் வாழ்க. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் பாய்மரப் படகின் சுக்கான் தூணோடு பொருத பெரும்போரைச் சொல்லப் புகுந்தேன். நாவே, நீ புரள்க. பல்லே, நீ குறுக்கே வராதே.

பகைவன் இன்னான் என்று காட்டாமல் போரைப் பாடுதல் முறையன்று. படகின் பின்தளத்தில், இடுப்புயரத்தில், உள்ளே ஒன்றுமில்லாதார்க்கே உரிய மிடுக்கோடு நின்றது ஒரு வெண்ணிறத் தூண். அதன் மார்பில் சுக்கான் சக்கரமாகிய கேடயம். தலையில் திசைகாட்டியாகிய மணிமுடி. இரு தோளிலும் இரு பிடிகள், ஒன்று கியருக்கு, ஒன்று வேகத்துக்கு. பிடிக்கொன்றாக இரண்டு கேபிள்கள், இருள்புகும் இரட்டை நாகங்கள் ஒப்ப, தூணின் தொண்டை வழியே இறங்கி, வளைந்து, நெளிந்து, அடிவயிற்றில் கிடக்கும் எஞ்சினைச் சென்று கவ்வும். அவற்றுள் கியர் கேபிள் முந்தின ஞாயிறன்று, படகு பின்னோக்கிச் செல்லும் நிலையிலேயே, உப்பும் துருவும் தின்ன, இறுகி உயிர்நீத்தது. ஆதலால் வலிக்காதார் துறை முழுவதையும் பின்புறமாகவே கடந்து கரை சேர்ந்தார். புறமுதுகு காட்டி ஓடிய வேந்தர் பலர். புறமுதுகு காட்டி ஊர் வந்து சேர்ந்தவர் இவர் ஒருவரே.

அக்காட்சியைப் பக்கத்துப் படகிலிருந்து கண்டவன், இல்லாளுக்கு இளையவன், இருநூறு குதிரைத்திறன் விசைப்படகுக்கு உடையவன், கேளாமலே உதவும் கொடிய குணத்தான், மச்சினன். அவன் அதிகம் பேசவில்லை. "அத்தான், இது புது ஸ்டைலா?" என்று மட்டும் கேட்டான்.

புண் ஆறுமுன் புளியும் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு மாலை நாலு மணிக்குத் தூர்வாரும் எந்திரம் வரும், அதற்குள் படகுகளெல்லாம் எதிர்க்கரைக்குப் போய்விட வேண்டும் என்று துறை அலுவலகத்தார் நோட்டீஸ் ஒட்டினர். "என்கிட்ட கயிறு இருக்கு அத்தான். கட்டி இழுத்துட்டுப் போயிடறேன்" என்றான் மச்சினன். அது கேட்ட வலிக்காதார், வான்பார்த்து, மீசை தடவி, மீசை இல்லாமையால் உதட்டைத் தடவி, வஞ்சினம் மொழிந்தார்: "என் படகு என் எஞ்சினால் போகும். உன் கயிற்றில் அது ஒரு முழம் நகருமாயின், படகின் பெயரை அழித்து உன் பெயரை எழுதுவேன், இது உறுதி."

படகில் எழுதியிருந்ததோ இல்லாளின் பெயர். அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். "வீரம் உங்களுது, அழியறது என் பேரா?" என்று கேட்டு, அன்றே கேபிள் கடைக்குத் தானும் கூடப் போனாள். தையற்கலை வல்லாள், கிழிந்த பாயும் கிழிந்த பாவாடையும் அவள் ஊசிமுன் சரிநிகர்.

போர்நாள் வந்தது. ஒன்று செத்தால் மற்றதும் பின்தொடரும் என்ற பல்நூல் விதிப்படி இரண்டு கேபிளையும் மாற்றுவதெனத் தீர்மானித்து, இல்லாள் கீழே எஞ்சின் அறைக்குள் தவழ்ந்து புக, வலிக்காதார் மேலே தூணின் மணிமுடியைக் கழற்றத் தொடங்கினார். நான்கு திருகாணிகள். மூன்று சரணடைந்தன. நான்காவது, ஞானப்பல்லினும் ஆழமாக வேரூன்றி, அரைமணி நேரம் அசையாது நின்றது. பிறர் ஆயின் வைதிருப்பர். அவரோ ஆட்டினார், அசைத்தார், ஆட்டினார், அசைத்தார், அது வந்தது. வந்ததைத் துணியில் சுற்றித் தூணிடம் காட்டவும் செய்தார்.

பின்பு நெற்றியில் விளக்கும் கையில் குட்டிக் கண்ணாடியுமாகக் குனிந்து, "நல்லாத் திறங்க" என்றார்.

"மேல யாருங்க?" என்றாள் இல்லாள்.

"தூணு."

"பதில் சொன்னா எனக்கும் சொல்லுங்க."

பிடியையும் கேபிளையும் பிணைத்திருந்தது கொண்டை ஊசியின் குழந்தை போன்ற ஒரு சிறு பின். அதை இடுக்கியால் பற்றியதும் அது துள்ளி, ஒளிர்ந்து, தூணின் தொண்டைக்குள் வீழ்ந்தது. இவ்விடத்தில் மெக்கானிக்குகள் அழுதிருக்கிறார்கள். வலிக்காதார் அழவில்லை; ஏனெனில் எந்த வாயைத் திறந்தாலும் தொண்டையில் முதலில் பஞ்சு வைப்பது அவர் வழக்கம். அந்தப் பின் பஞ்சில் படுத்திருந்தது. தூண் விழுங்கப்போன இரையை அதன் வாயிலிருந்தே எடுத்து, சட்டைப்பையில் இட்டு, பஞ்சையும் எடுத்துவிட்டு, மேலும் முன்னேறினார்.

இனி, பழைய கேபிளின் முனையில் புதியதைக் கட்டிவிட்டால், கீழே பழையது இழுபட, புதியது தானே இறங்கும். வலிக்காதார் பல்லிடுக்கு நூலால் பதினோரு முடிச்சிட்டார். இல்லாள் இழுத்தாள். ஒரு சாண் இறங்குமுன் பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விடைபெற்றன. நல்லவேளை, ஓடப்பார்த்த பழைய முனையை இடுக்கி எட்டிப் பிடித்தது.

இல்லாள் மேலே வந்தாள். "நாடா கோக்கறப்போ பாதியில ஊக்கு கழண்டா என்ன ஆகும்னு பாவாடை கட்டறவளுக்குத்தான் தெரியும். தள்ளுங்க." பாய் தைக்கும் மெழுகுநூலால் இரு முனைகளையும் பட்டைத் துணியில் வைத்துத் தைத்தாள்; மீண்டும் பாதாளம் புகுந்து இழுத்தாள். புதுக்கேபிள்கள் இரண்டும், மாமியார் வீட்டுக்கு முதன்முறை போகும் மருமகன்கள்போல், தயங்கித் தயங்கி உள்ளே போயின.

வலிக்காதார் சட்டைப்பையிலிருந்த பின்னை இட்டு மேல்முனைகளைப் பிடிகளில் பூட்டியபோது மணி மூன்றரை. இங்கேதான் விதி சிரித்தது. புதுக்கேபிள்கள் இரட்டைப் பிள்ளைகள். எது எதுவென்று கீழே தெரியாது. தூணின் அடியில் இரண்டும் இரு பக்கமாகப் பிரிந்து எஞ்சின் அறைக்குள் எட்டிப்பார்த்தன.

"வலது கியர். இடது வேகம்" என்று முழங்கினார் வலிக்காதார்.

"யாரோட வலது?"

"வலதுன்னா வலது. முப்பத்தோரு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

"நானும் அளவெடுத்துட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லி மாட்டினாள்.

அறிக, உலகீர்: பல் மருத்துவர் வலது என்றால் அது எதிரே வாய்திறந்திருக்கும் நோயாளியின் வலது, அன்று நோயாளி தூண். தையற்காரி வலது என்றால் அது எதிரே நிற்கும் வாடிக்கையாளரின் வலது; அன்று வாடிக்கையாளர் கணவர். அவரும் தூணும் ஒருவரையொருவர் பார்த்து நின்றனர்; ஆகவே கியர்ப் பிடி வேகத்தையும் வேகப் பிடி கியரையும் பற்றின. முப்பதாண்டுத் தொழில் நேர்மையால் இருவருக்கும் சொந்தமாக ஒரு வலது இல்லாமற் போயிருந்தது.

நாலுக்குப் பத்து நிமிடம். தூர்வாரும் எந்திரம் துறைவாயிலில் யானைபோல் தோன்றியது. மச்சினன், பாசம் பொறுக்காமல், தன் படகின் பின்பக்கத்தையும் அத்தான் படகின் முன்பக்கத்தையும் ஓசையின்றிக் கயிற்றால் பிணைத்து, தன் கட்டுகளை அவிழ்த்து, பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றிக்கொண்டு காத்திருந்தான். அதைக் காணாத வலிக்காதார், தம் படகின் கட்டுகளை அவிழ்த்தார், எஞ்சினை எழுப்பினார், கியர்ப் பிடியை முன்னே தள்ளினார். எஞ்சின் சிங்கமென முழங்கிற்று. படகு ஆமையென இருந்தது. 'கியர் புதுசு, கூச்சப்படுகிறது' என்று தேர்ந்து, வேகப் பிடியை ஒரு நூலளவு, அதாவது ஒரு விரலளவு, தள்ளினார்.

படகு பாய்ந்தது. நாண்விட்ட அம்பென, கயிறற்ற காளையென, பள்ளிவிட்ட பிள்ளையெனப் பாய்ந்தது, மச்சினனைக் கடந்தது, கயிறு விறைத்தது. பதினெட்டுக் குதிரைகள் இருநூறு குதிரைகளை வாலைப் பிடித்து இழுத்துச் சென்ற அவ்விந்தையைத் துறையே எழுந்து நின்று கண்டது. புறமுதுகிட்டுப் பின்தொடர்ந்த மச்சினன், கையில் மூடியோடு, "அத்தான், கயிறு, கயிறு" என்றான். வலிக்காதாரோ, நோயாளி துள்ளினால் முதலில் இரு கையையும் வாயிலிருந்து எடு என்ற தொழில்மறை வழுவாது, இரு கைகளையும் வானுற உயர்த்தி, "வலிக்காது, வலிக்காது" என்று படகுக்கு அபயம் அளித்தவாறு நின்றார்.

இல்லாள் எழுந்து வந்து, நிறுத்தும் குமிழை இழுத்தாள். எஞ்சின் அடங்கியது. அலை அடங்கியது. துறையின் நட்டநடுவே, திரும்பிப் பார்த்து, வலிக்காதார் திருவாய் மலர்ந்தார்: "யார் யாரை இழுத்தார் என்பதை உலகம் கண்டது."

"கண்டுச்சு" என்றாள் இல்லாள். "இப்ப எப்படிப் போறது?"

அப்புறம் மச்சினன் அதே கயிற்றில் இழுத்துக்கொண்டு போய் எதிர்க்கரையில் விட்டான், வலிக்காதார் மறுநாள் கடைக்குப் போய் ஒரு சின்ன டப்பா பெயின்ட் வாங்கி வந்தார்.