பரணேறும் பூட்ஸ்

இனி நடப்பதில்லை என்று தௌனோ முடிவு செய்தான். பெரிய முடிவுகளை மனிதர்கள் உட்கார்ந்துகொண்டுதான் எடுத்திருக்கிறார்கள். தௌனோவும் வீட்டுக்குப் பின்னால் இருந்த சௌனா என்ற நீராவிக் குளியல் அறையின் மேல்பலகையில், பிறந்த மேனியாக, கையில் இலைக்கொத்துடன் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் இதை எடுத்தான்.

நடப்பதில்லை என்றால் தபால் பெட்டிவரைகூடப் போவதில்லை என்று பொருள் அல்ல. மூஸ் மான் வேட்டையில் நடப்பதில்லை. அந்த ஊர் வேட்டைக்குழுவில் மனிதர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் காட்டோரத்துப் பரண்களில் துப்பாக்கியோடு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் புதருக்குள் வரிசையாகப் புகுந்து, ஹோய் ஹோய் என்று கத்தி, மானைப் பரண் பக்கம் விரட்டுவார்கள். முதல் வகை ஆளின் படம் வேட்டைக் குடிசைச் சுவரில் கொம்புகளுக்குக் கீழே தொங்கும். இரண்டாம் வகை ஆளுக்குத் தொண்டை கட்டும். தௌனோ மீசை முளைத்த நாளிலிருந்து இரண்டாம் வகை. அவன் மனைவி ஹில்க்காவும், உரிமம் வாங்கிக் குழுவில் சேர்ந்ததிலிருந்து, அவனுக்குப் பக்கத்தில் நடந்து கத்துகிறாள். அவள் குரல் அவனுடையதைவிட நன்றாக எடுபடும் என்பது காட்டுக்கு மட்டும் தெரிந்த செய்தி அல்ல.

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு பரண் காலியானது. வாத்துச் சதுப்பின் ஓரத்தில் இருப்பது. சுற்றுவட்டாரத்திலேயே நல்ல பரண். அதில் இருந்த ஆர்னே கிழவர் முழங்கால் வலி தாங்காமல் ஹெல்சின்கியில் மகள் வீட்டோடு போய்விட்டார். அன்றிலிருந்து தௌனோ அந்தப் பரணில்தான் குடியிருந்தான். உடம்பு மட்டும் மர ஆலைக்கு வேலைக்குப் போய் வந்தது.

கண்ணை மூடினால் போதும். விடிந்தும் விடியாத நேரம். சதுப்பின் மேல் ஆடை படிந்த பால்போல மூடுபனி. பிர்ச் மரங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் மஞ்சளை ஞாபகப்படுத்திக்கொள்கின்றன. மடியில் துப்பாக்கி, பக்கத்தில் காபி, பூட்ஸுக்குள் விரல்கள் எல்லாம் அடுப்படியில் சுருண்ட பூனைக்குட்டிகள். பனி ஓரிடத்தில் மெல்லக் கருக்கிறது. கொம்புகளைச் சுமந்துகொண்டு, கரை சேரும் கப்பல்போல, ஓசையே இல்லாமல் மான் வருகிறது. அவன் குறி பார்க்கிறான். வழக்கமாக இந்த இடத்தில்தான் ஹில்க்கா விறகு எடுத்து வந்தாயா என்று கேட்பாள்.

வேட்டைத் தலைவன் ஓஸ்மோ யாருக்கும் முகம் பார்த்து இடம் கொடுப்பதில்லை; கால் பார்த்துக் கொடுப்பான். காலையில் எல்லாரும் குடிசை முன் வரிசையாக நிற்க, அவன் குனிந்த தலை நிமிராமல் நடந்து போவான். மெல்லிய பூட்ஸ் என்றால் நட. தடித்த பூட்ஸ் என்றால் உட்கார். இதில் நியாயம் இருக்கிறது. கம்பளி வைத்த பூட்ஸோடு நடப்பவனுக்கு வேர்த்துக் கொப்புளம் வரும். மெல்லிய பூட்ஸோடு உட்காருபவனுக்கு மதியத்துக்குள் விரல்கள் மரக்கட்டையாகும். காலுக்கேற்ற செருப்பு என்பது உலக வழக்கு. செருப்புக்கேற்ற பதவி என்று தௌனோ அதைத் திருத்தினான். ஊரிலேயே தடித்த பூட்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றால், அவனை நடக்கச் சொல்ல ஓஸ்மோவுக்கு மனச்சாட்சி இடம் கொடுக்காது.

பரண் என்றதும் நம் பக்கத்துப் படிப்பாளிகளுக்குத் தினைப்புனம் நினைவுக்கு வரும். அங்கே பரணில் இருந்தவள் பெண். மானைத் தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்டு கீழே அசடாய் நின்றவன் ஆண். தௌனோ தமிழ் படித்தவன் அல்ல. படித்திருந்தால் கொஞ்சம் உஷாராக இருந்திருப்பான்.

ஹில்க்காவிடம் திட்டத்தைச் சொல்லவில்லை. பூட்ஸ் பழசாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவைத்தான். அவள் ரை தானிய மாவு அப்பளத்தில் பால்சோற்றை வைத்து மடித்து ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்த மாதிரி பூட்ஸ்?"

"கதகதப்பா. நல்லா தடியா."

"நடக்கறதுக்கா?"

"நடக்கறதுக்கும்தான்."

"ம்" என்றாள் ஹில்க்கா. ஃபின்லாந்தில் 'ம்' என்பது ஒரு முழு நீளச் சொற்பொழிவு. தௌனோ அதில் முதல் வரியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனான்.

சனிக்கிழமை டவுனுக்குப் போனார்கள். கடைக்காரன் மார்த்தி பூட்ஸ்களை இறக்கி இறக்கி வைத்தான். தௌனோ ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டுக் கண்ணை மூடினான். மூடியதும் சதுப்பு வந்தது, பனி வந்தது, மான் வந்தது. அப்படியே நின்றான். மார்த்தி இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. கடைசியில், கணுக்கால் உயரத்தில், உள்ளே தடித்த கம்பளி வைத்த தோல் பூட்ஸ் ஒன்று மனதுக்குப் பிடித்தது. ஹில்க்கா அதைத் திருப்பித் தையலைப் பார்த்தாள்.

"கதகதப்பு சரி. தண்ணி உள்ள போகுமா?"

போகாது என்று சொல்ல முடியாது என்றான் மார்த்தி. பரணுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்க வாயெடுத்த தௌனோ சட்டென்று வாயை மூடிக்கொண்டான். ரகசியம் வைத்திருப்பவனுக்கு இதுதான் தொல்லை; தன் பக்கத்து நியாயத்தைக்கூட எடுத்துச் சொல்ல முடியாது.

"சதுப்புக் காடு தௌனோ. கால் நனைஞ்சா அப்புறம் எத்தனை கம்பளி இருந்து என்ன? எனக்கு உன் கால்தான் முக்கியம்."

தௌனோ நெகிழ்ந்துபோனான். மார்த்தி உள்ளே போய் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸைத் தூக்கி வந்தான். உள்ளே கம்பளி மெத்தை. நாள் பூராவும் பனித்தண்ணீரில் நின்றாலும் ஒரு பொட்டு ஈரம் ஏறாது என்றான். நாள் பூரா தண்ணீரில் எவன் நிற்கப்போகிறான் என்று தௌனோ சிரித்தான். மார்த்தியும் சிரித்தான். ஹில்க்கா சிரிக்கவில்லை, அதையே கட்டிக் கொடுக்கச் சொன்னாள்.

அவளுடைய பூட்ஸில் குதிகால் பக்கம் வெடித்திருந்தது. உனக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளேன் என்றான் தௌனோ. தனக்கு எதற்கு, இந்த ஒழுகலே போதும் என்றுவிட்டாள். இப்படிப்பட்ட மனைவிக்குத் தான் தகுதியானவன் இல்லை என்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டான். அந்த விவகாரத்தில் அவன் போட்ட கணக்குகளில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

மாலை வேளைகளில் உட்காரும் பயிற்சி நடந்தது. கூடத்து நாற்காலியில், புது பூட்ஸோடு, அசையாமல். ஜன்னலுக்கு வெளியே ஏரி கறுத்து, வானம் அதற்குள் இறங்கித் தூங்கப் போகும். எதிரே ஹில்க்கா தடிமனான காலுறைகள் பின்னிக்கொண்டிருப்பாள். தனக்குத்தான் என்று தௌனோ நினைத்தான். கேட்டால் கனவு கலையும் என்று கேட்கவில்லை.

வேட்டை நாள் வந்தது. குடிசை முன் எல்லாரும் ஆரஞ்சுத் தொப்பியோடு நின்றார்கள். ஓஸ்மோ தலையைக் குனிந்துகொண்டு கால் காலாகப் பார்த்து வந்தான். தௌனோவின் முன்னால் நின்றான். அப்படியே குந்தி உட்கார்ந்து, பூட்ஸை அழுத்திப் பார்த்தான்.

"உள்ள கம்பளியா?"

"சுத்தக் கம்பளி."

"தண்ணி?"

"ஒரு பொட்டு ஏறாது" என்றான் தௌனோ, நெஞ்சை நிமிர்த்தி.

ஓஸ்மோ எழுந்து, தொலைந்துபோன தம்பியைக் கண்டவன்போல அவன் தோளில் கைபோட்டான். வாத்துச் சதுப்பின் நடுவே ஆழமில்லாத ஒரு துறை இருக்கிறது. மான்கள் வருஷா வருஷம் அதன் வழியாகத்தான் தப்பிப் போகின்றன. அங்கே அசையாமல் நின்று மறிக்க ஆள் வேண்டும். ஆனால் கால் நனையாத பூட்ஸ்காரன் குளிரில் விறைப்பான், விறைக்காத பூட்ஸ்காரன் நனைவான். அதனால் அந்த வேலைக்கு இதுவரை ஆள் அமைந்ததில்லை.

"நீ ரெண்டும் சேர்ந்த பூட்ஸ் வாங்கியிருக்கேன்னு ஹில்க்கா சொன்னப்ப நான் நம்பலைப்பா. நீ பெரிய மனுஷன்" என்றான் ஓஸ்மோ.

தௌனோ மனைவியைப் பார்த்தான். மனைவி ஓஸ்மோவுக்குத் தன் குதிகாலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். வெடிப்பு வாயைத் திறந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னது. இதைப் போட்டுக்கொண்டு ஈரக்காட்டில் எங்கே நடப்பாய் என்று ஓஸ்மோ வருத்தப்பட்டான். காய்ந்த இடம் என்று இருப்பது ஆர்னேயின் பரண் ஒன்றுதான், அதில் ஏறிக்கொள் என்றான்.

"மேல குளிருமே" என்றான் தௌனோ.

ஹில்க்கா பையைத் திறந்து தடிமனான காலுறைகளை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள்.

அப்புறம் எல்லாம் அவன் கனவில் கண்டபடியே நடந்தது. விடிந்தும் விடியாத நேரம். ஆடை படிந்த மூடுபனி. பிர்ச் மரங்களின் மஞ்சள். தௌனோ முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீரில் நின்றான். விரல்கள் பூனைக்குட்டிகளாகத்தான் இருந்தன. மார்த்தி பொய் சொல்லவில்லை. தூரத்தில் ஹோய் ஹோய் என்று யார் யாரோ கத்தினார்கள். பனி ஓரிடத்தில் கருத்தது. கொம்புகளைச் சுமந்துகொண்டு, தண்ணீரைக் கலக்காமல், மான் நேராக அவனிடமே வந்தது. கை நீட்டினால் தொடும் தூரம்போல இருந்தது. அதன் மூச்சும் அவன் மூச்சும் ஒரே பனியில் கலந்தன. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எத்தனை நேரமோ, இந்த உலகத்தில் இல்லாமல் இருந்தார்கள். பிறகு தௌனோவுக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது. கையைத் தட்டினான். மான் கௌரவமாகத் திரும்பி, கரையோரமாக, பரண் இருந்த பக்கம் போயிற்று.

ஒரே ஒரு வெடிச்சத்தம். காடு சற்று நேரம் யோசித்துவிட்டு மறுபடி அமைதியானது.

அவன் தண்ணீரை அளைந்துகொண்டு பரணடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். ஹில்க்கா துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் இத்தனை நாளாகத் தன் முகத்துக்கென்று அவன் ஒதுக்கி வைத்திருந்தது.

"உனக்கும் இந்தப் பரண் மேல ஆசைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஹில்க்கா."

"நீ பூட்ஸைப் பத்தித்தானே கேட்ட?"

காபியை நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகு ஒரு கயிற்றின் நுனியை அவன் தலைக்கு நேராக இறக்கினாள்.

"மான் தண்ணியில விழுந்திருக்கு, நீயே போய்க் கட்டிடு" என்றாள். "எனக்குத்தான் பூட்ஸ் ஒழுகுமே."