காலண்டர் ஆணியில் ஒரு டோக்கன்

மைசூர் மைன்ஸ் டோக்கன்காரரைப் போல எதையும் நம்பாத மனிதர் இந்த உலகத்தில் கிடையாது. போன ஆள் கண்ணெதிரே திரும்பி வந்து நின்றால்தான் நம்புவார்.

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் வேலையே அதுதான். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவர் பேரிலும் மேலே பலகையில் ஒரு பித்தளை டோக்கன் தொங்கும். ஏறி வந்தவர் கழற்றிக் கொடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்தும் ஒன்று தொங்கினால், யாரோ கீழே இருக்கிறார்கள். சுரங்கம் மூடிய அன்று அவர் ஒரு பை நிறைய டோக்கனோடு வீட்டுக்கு வந்தார்.

அதன் பிறகு ஊரே அவருக்குச் சுரங்கம்தான். மில்லில் அரிசி கொடுத்தால் மில் கதவில் ஒரு டோக்கன். பாங்கில் டோக்கன் கொடுத்தால், பதிலுக்கு இவரும் ஒன்று நீட்டுவார். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை காரிலேயே ஒன்றைக் கட்டிவிட்டார்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் தபாலுக்கு சீல் குத்துகிறவன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எங்கள் தபால் முதலில் அதிகாரியிடம் போகாது, ரெக்கார்டு ரூமுக்குப் போகும். அங்கே ஊரில் கல் உடைக்கும் கிரஷர் முதலாளியின் ஆள் உட்கார்ந்திருப்பார். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் அலுவலகத்திலேயே ஆடாத ஒரே நாற்காலி அவருடையது. தனக்கு எப்போது மாற்றல் என்று அதிகாரியே அவரிடம்தான் கேட்பார். எதிர்த்துப் பேசிய குமாஸ்தாவை ஒரு டிப்பர் லாரி இடித்தது. அது யாருடைய லாரி என்று எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை.

டோக்கன்காரர் ஒரு மனுவோடு வந்தார். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் உள்ள இடுகாட்டின் நடுவே கிரஷர் லாரிக்கு ரோடு போடக் கூடாது என்று மனு. அவர் மனைவியைப் புதைத்த இடம் அது. நான் சீல் குத்தியதும் என் மேஜைக்கு மேலே காலண்டர் ஆணியில் ஒரு டோக்கனை மாட்டினார்.

"இன்னா மாமா இது?"

"ஆள் உள்ள எறங்குது தம்பி. பாத்து எறக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மனுவை டீ தட்டில் வைத்து ரெக்கார்டு ரூமில் கொடுத்தேன். அது திரும்பவில்லை.

தினமும் இரண்டு மணிக்கு, பழைய ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வருவார்.

"மேல வந்துச்சா?"

"இன்னும் இல்ல மாமா."

"எந்த லெவல்ல கீது?"

"மூணாவது டேபிள்."

"அங்க காத்து வருதா?"

"ஃபேன் ஓடுது மாமா."

ரோடு போட்டுவிட்டார்கள். மறுநாளும் இரண்டு மணிக்கு வந்து நின்றார். டோக்கனைக் கழற்றி நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"நீ டீ தட்டோட போனத அன்னிக்கே ஜன்னல்ல பாத்தேன்."

"அப்புறம் ஏன் மாமா தினமும் வந்தீங்க?"

"கீழ கீறது நீதான் தம்பி. ஒரு ஆள கீழ வுட்டுட்டு நான் ஊட்டுக்குப் போனதில்ல."

டோக்கனை வாங்கி, மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

லைன்காரர்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். நேற்று அவர்கள் வக்கீலிடம் டீ தட்டு முதல் எல்லாவற்றையும் எழுதி, என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

டோக்கன்காரர் இன்றைக்கும் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மணி ஆகப்போகிறது. ஆணியிலிருந்து டோக்கனை எடுத்துவிட்டேன். கொண்டுபோய் அவர் கையில் கொடுக்க வேண்டும். மனிதர் இனியாவது வீட்டுக்குப் போய் நேரத்துக்குச் சாப்பிடட்டும்.