மூழ்கியது தும்பிதான், நபோயாத்ரா அல்ல

பெறுநர்:
ஆசிரியர் அவர்கள்,
'சாரல் முரசு' நாளிதழ், தென்காசி.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அண்ணாச்சி அவர்களுக்கு, இலஞ்சியிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் நிலைய டைம் கீப்பர் சு. தளவாய் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க இலஞ்சி முருகனை வேண்டுகிறேன். நாங்கள் நலமாக இல்லை. காரணம் தங்கள் பத்திரிகை.

செவ்வாய்க்கிழமை முதல் பக்கத்தில் 'நபோயாத்ரா கடலில் மூழ்கியது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அண்ணாச்சி, நபோயாத்ரா என்பது மனிதனை வானத்துக்கு அனுப்ப அரசாங்கம் போட்டிருக்கும் திட்டத்தின் பெயர். அதில் ஆபீஸ் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது, பீரோ பீரோவாக ஃபைல் இருக்கிறது. அத்தனையும் மூழ்க வேண்டுமென்றால் வங்காள விரிகுடா போதாது. அன்றைக்கு ஆளில்லாமல் சோதனைக்குப் போன விண்கலத்தின் பெயர் 'தும்பி'. திட்டத்துக்குப் பெயர் வைத்தது டெல்லி. கலத்துக்குப் பெயர் வைத்தது அதைச் செய்தவர்கள். அவர்களில் ஒருத்தி என் மகள் அபி.

நான் முப்பத்தோரு வருடம் மைக் பிடித்தவன். தென்காசி–புளியறை என்பது ரூட். அதில் ஓடுவது வண்டி. செக்போஸ்ட் பக்கம் ஆக்சில் முறிந்து வண்டி படுத்துவிட்டால், இன்ன நம்பர் வண்டி பிரேக்டவுன் என்றுதான் அறிவிப்பேன். 'புளியறை ரூட் முறிந்துவிட்டது' என்று அறிவித்தால், இனி அந்த ஊருக்கே போக முடியாது என்றல்லவா ஜனங்கள் நினைப்பார்கள்? அரைமணி நேரத்தில் டிப்போவிலிருந்து வேறு வண்டி வந்து அதே ரூட்டில் போகும். இது ஓர் எளிய விஷயம்.

தங்கள் தலைப்பால் வந்த வினையைக் கேளுங்கள். காலையில் பால் வாங்கப் போனால் டீக்கடை பெலிக்ஸ், "அண்ணாச்சி, பாப்பாவுக்கு வேலை போயிருச்சாமே, நம்ம மருமவன் கம்பெனில சொல்லிப் பாக்கட்டுமா?" என்கிறான். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். என் மனைவி வடிவாம்பாள், "மதினி, இங்கன யாரும் சாவல, உள்ள வந்து காப்பி குடிங்க" என்று அவளை உட்கார வைப்பதற்குள், சுரண்டையிலிருந்து என் மைத்துனன் பாண்டிராஜ் வேனில் பதினோரு பேருடன் துக்கம் கேட்க வந்து இறங்கினான். பதினோரு பேர் தோளிலும் துண்டு, கையில் எண்ணெய்ப் பாட்டில். "மச்சான், மனசத் தேத்திக்கிடுங்க, மெயின் அருவில தண்ணி நல்லா விழுதாமே?" என்று ஒரே மூச்சில் கேட்டான். துக்கம் கேட்டால் குளிக்க வேண்டும், சீசன் நேரத்தில் குற்றாலத்தை விட்டுவிட்டு வேறு எங்கே குளிப்பது என்பது அவன் கட்சி. குளித்துவிட்டு வந்து ஈரத்துணியை எங்கள் கொடியில் போட்டுவிட்டு மதியச் சாப்பாடும் சாப்பிட்டார்கள். இரண்டு தடவை உலை வைத்தோம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இரண்டு நாளாக அபி போனை எடுக்கவில்லை, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தத் தலைப்பை அவளும் பார்த்திருப்பாள். செய்த வண்டி ஒன்று போயிற்று என்றால் ஒரு நாள் அழுதுவிட்டு, மறுநாள் அடுத்த வண்டிக்கு போல்ட் முடுக்கப் போய்விடுவாள். எல்லாமே போயிற்று என்று முதல் பக்கத்தில் போட்டால் என் பிள்ளை என்ன செய்வாள்?

ஆகவே, மூழ்கியது 'தும்பி' மட்டுமே, 'நபோயாத்ரா' திட்டம் உயிரோடு இருக்கிறது, அடுத்த கலம் போகும் என்று அதே முதல் பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பத்திரிகை தெருவுக்குத் தெரு பெருகட்டும், தங்கள் பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் முதல் ரிங்கிலேயே போனை எடுக்கட்டும்.

இப்படிக்கு,
சு. தளவாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அபி கூப்பிட்டாள். "எப்பா, யாருப்பா முங்கிச்சுன்னு சொன்னது? கடல்லதான் இறங்கணும். அதுக்குத்தான் மூணு வருசமா நாங்க பாடுபட்டோம். பாராசூட் எல்லாம் அழகா விரிஞ்சுது. அதை எடுக்கப் போன கப்பல்ல நானும் இருந்தேன், நடுக்கடல்ல டவர் இல்ல" என்கிறாள். எங்கே இறங்கும் என்று நான் ஒரு நாளும் அவளிடம் கேட்கவில்லை. எங்கள் டிப்போவில் வண்டி தண்ணீரில் இறங்கினால் டிரைவருக்கு மெமோ. எனவே, மேலே நான் எழுதியதும் தப்பு, தாங்கள் எழுதியதும் தப்பு. 'தும்பி பத்திரமாக இறங்கியது' என்று போடுங்கள். போனை வைத்த பிறகு நான் கொஞ்ச நேரம் அழுதேன். அதைப் போட வேண்டாம். அபி தங்கள் பத்திரிகையைப் போனில் படிக்கிறாள்.