ரோஸ்கோ வழக்கில் என்னைப் பொறுக்கியெடுத்த கதை

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு, கென்டக்கியிலிருந்து உன் தம்பி டெல்மர் எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி ஒலீட்டா, நாய் மூன்று பேரும் சுகம். அங்கே உன் சுகம், அத்தான் சுகம், உன் முழங்கால் சுகம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் போடு. போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

சேதி என்னவென்றால், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற ஜூரிக்கு ஆள் எடுக்க வரச்சொல்லி கோர்ட்டிலிருந்து எனக்குத் தபால் வந்தது. சின்ன வயசில் பந்து விளையாட ஆள் பிரிக்கும்போது கடைசியில் நானும் வேலிக்கம்பமும்தான் மிச்சம் நிற்போம், அவர்கள் கம்பத்தைக் கூப்பிடுவார்கள், உனக்கே தெரியும். சர்ச் பாட்டுக்குழுவில் வேண்டாம் என்றார்கள், தீயணைப்புப் படைக்கும் வேண்டாம் என்றார்கள். இதிலாவது நம்மை எடுக்கமாட்டார்களா என்று கல்யாணத்து டையைத் தேடி மாட்டினேன். ஒலீட்டா பார்த்துவிட்டு, "எட்டாங்கிளாஸ் தாண்டாத மனுசன எந்த வக்கீலு எடுப்பான்? பத்து மணிக்கெல்லாம் திரும்பிருவீங்க, முட்டைய மூடி வைக்கிறேன்" என்றாள்.

போனால் நாற்பது பேர். பக்கத்து வீட்டுக்காரருடைய புல்வெட்டும் வண்டியைத் திருடி நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போனான் என்று ரோஸ்கோ மேல் வழக்கு. ஜட்ஜம்மா, "இந்த ரோஸ்கோவை யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டதுதான் தாமதம், மொத்த ஹாலும் கையைத் தூக்கிவிட்டது, பழக்கதோசத்தில் ரோஸ்கோவும் தூக்கிவிட்டான். ஒரு அம்மா எழுந்து, "தெரியுமாவா? ரெண்டு தடவ கட்டிக்கிட்டு ரெண்டு தடவ அத்துவிட்டவ நான். நியாயமா நடந்துக்குவேன் தாயி, என்னை எடுத்துக்கங்க!" என்றாள். ரோஸ்கோ மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவளை வெளியே அனுப்பிவிட்டு, "முகத்தை மட்டும் தெரிஞ்சவங்க கையை இறக்குங்க" என்றார் ஜட்ஜம்மா. நான் இறக்கினேன்.

அப்புறம் கேள்வி. அரசு வக்கீல் என்னிடம் வந்து, "ஐயா, மேசை மேல இருந்த கேக்கைக் காணோம், நாய் வாயில கேக் துணுக்கு ஒட்டியிருக்கு. யார் தின்னதுன்னு சொல்ல சாட்சி வேணுமா?" என்றார். பொய் சொல்லக்கூடாதே! "கண்டிப்பா வேணுங்க. நானே ரெண்டு தடவ எங்க நாய் வாயில துணுக்கத் தேச்சுவிட்டிருக்கேன்" என்றேன். அவர் முகம் புளித்துப்போச்சு. ரோஸ்கோவுடைய வக்கீலுக்கோ ஒரே சிரிப்பு. "என் கட்சிக்காரர் வாயே திறக்கமாட்டார். அதை வச்சுத் தப்பு பண்ணியிருப்பார்னு நினைப்பீங்களா?" "இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்துறேங்க. ஆம்பள வாய மூடிக்கிட்டா அது தப்பில்ல, அனுபவம்" என்றேன். ஜட்ஜம்மாவே சிரிப்பை மறைக்க ஃபைலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

காரணம் சொல்லாமல் இத்தனை பேரைக் கழிக்கலாம் என்று வக்கீல்களுக்கு ஒரு கணக்கு உண்டாம். அரசு வக்கீல் என் பேருக்கு நேரே பேனாவை வைத்தார், அக்கா, நான் டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நல்லவேளை, அவர் பங்கு அதற்கு முன்னாடியே தீர்ந்துபோயிருந்தது! "டெல்மர் டாக்கெட்!" என்று கூப்பிட்டார்கள். ஒரு கை தூக்கினால் போதுமாம், நான் இரண்டையும் தூக்கிச் சத்தியம் பண்ணினேன். ஒலீட்டாவுக்குப் போன் போட்டு, "என்னை இங்கேயே வச்சுக்கிட்டாங்க" என்றேன். "அடக்கடவுளே, போன எடத்துல என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்கிறாள்.

வழக்கைப் பற்றி இனி மூச்சுவிடக்கூடாதாம், அதனால் நிறுத்துகிறேன். அத்தானுக்கு மரியாதை, பிள்ளைகளுக்கு முத்தம், முழங்காலுக்கு என் பிரார்த்தனை. கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சேதியைச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
ஒரு மனிதனின் தலைவிதியைக் கையில் வைத்திருக்கும் உன் தம்பி,
டெல்மர்

பி.கு.: ஒரு சின்ன விசயம் விட்டுப்போச்சு. ஜூரி என்றால் பன்னிரண்டு பேர். நான் பதிமூன்றாவது. அவர்களில் யாராவது நோயில் படுத்தால்தான் என் முறை. இல்லாவிட்டால் வழக்கு முழுவதையும் கேட்டுவிட்டு, அவர்கள் தீர்ப்புப் பேச உள்ளே போகும்போது நான் வீட்டுக்குப் போகவேண்டுமாம். நீ ஒன்றும் கவலைப்படாதே. ஏழாம் நம்பர் அம்மா காலையிலிருந்தே இருமிக்கொண்டிருக்கிறாள். பாவமாக இருந்தது, ஜூரி அறையில் ஏசிக்கு நேர் கீழே நல்ல நாற்காலியாகப் பார்த்து நானே உட்காரவைத்தேன்.