டாங்கிள் போட்ட டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம்

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். என் பொண்டாட்டி ஸ்டெல்லாவோட டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்த ஆன்லைன்ல போடணும். கடைசி நாள். சாயங்காலம் அஞ்சு மணியோட சரி.

ஸ்டெல்லா மீமிசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். எங்க வீடு குன்றாண்டார்கோவில். தெனமும் மூணு பஸ் மாறணும். நாலு வருசமா பஸ்லயே தூங்கி, பஸ்லயே பேப்பர் திருத்திக்கிட்டிருந்தா.

கெளம்பும்போதே, பக்கத்துல இருக்குற கீரனூர் பிரவுசிங் சென்டர்ல குடுத்துருங்கன்னு சொன்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. வீட்டுல லேப்டாப் இருக்கு. அதுல சொருகுற மோடம் இருக்கு, டாங்கிள்னு சொல்வோமே, அது. எல்லாத்துக்கும் மேல நான் இருக்கேன். ஒருதடவ டிவி ரிமோட்டப் பிரிச்சு மாட்டுனதுலேருந்து என்னைய நானே இன்ஜினியர்னு நெனச்சுக்கிட்டிருந்த காலம்.

டாங்கிளச் சொருகுனேன். செவப்பு லைட்டு. பச்சை எரிஞ்சாத்தான் நெட்டு.

கழட்டி, ஊதி, கைலியில தொடச்சு, மறுபடி சொருகுனேன். செவப்பு. பக்கத்து ஓட்டையில சொருகுனேன். பச்சை! நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தேன். செவப்பாயிருச்சு.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் பாட்டு பாடுனதுக்கப்புறம் ஒரு பொண்ணு பேசுச்சு. லேப்டாப்ப அணைச்சுப் போடச் சொல்லுச்சு. போட்டேன். செவப்பேதான்.

"அப்ப எங்க வெப்சைட்ல போயி புது செட்டிங்ஸ் டவுன்லோடு பண்ணிக்கோங்க சார்."

"நெட்டு வரலைன்னுதானேம்மா ஒங்களுக்கே போன் போட்டேன்."

கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்பன்னா ஆன்லைன்லயே கம்ப்ளைண்ட் குடுத்துருங்க சார்"னுச்சு.

மணி மூணு. லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். நீள வயர்ல டாங்கிள மாட்டி, தலைக்கு மேல தூக்கிப் புடிச்சா பச்சை. எறக்குனா செவப்பு. ஒத்தக் கையால டைப்படிக்க முடியல. பக்கத்து வீட்டு சேவியர் அண்ணனக் கூப்பிட்டேன்.

அவரு வந்ததும் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் கேட்டாரு. டாங்கிளுக்குப் பின்னாடி தட்டு வச்சா சிக்னல் கூடுமாம். கூடுச்சு, அதான் கொடும. ஒரு கையில தட்டு, ஒரு கையில டாங்கிள். தெருவுல போனவங்க நின்னு பாத்துட்டுப் போனாங்க, யாருக்கு ஆரத்தின்னு.

விண்ணப்பத்துல ஒரு வசதி. லைன் அறுந்து வந்தா, 'விரும்பும் பள்ளி'ங்கிற கட்டத்துல இப்ப இருக்குற பள்ளிக்கூடமே தானா வந்து உக்காந்துக்கும். நாலு தடவ அத மாத்திக் கீரனூர்னு போட்டேன். நாலு தடவயும் அனுப்புறதுக்குள்ள லைன் போச்சு. அங்கிட்டு திருப்புங்கண்ணே, இங்கிட்டு திருப்புங்கண்ணேன்னு நான் கத்த, கை கடுக்குது தம்பின்னு அவரு கத்த, மணி அஞ்சாகப் போவுது.

அஞ்சாவது தடவ கீரனூர் போட்டு முடிச்சேன். அண்ணனுக்குத் தும்மல் வந்துச்சு. செவப்பு. உடனே பச்சை. திரும்ப எங்க போயிருமோன்னு, பக்கத்தக்கூடப் பாக்காம பட்டன அமுக்கிட்டேன்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதுன்னு வந்துச்சு. அண்ணன் தாம்பாளத்தக் கீழ வச்சுட்டு எனக்குக் கை குடுத்தாரு.

பொழுது சாஞ்சு ஸ்டெல்லா வந்ததும், பெருமையா லேப்டாப்பத் திருப்பிக் காட்டுனேன். ரெண்டு தடவ படிச்சா.

"ஏங்க, கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க."

இப்ப வேலை பாக்குற எடம், மீமிசல். விரும்பும் எடம், மீமிசல்.

திட்டுவான்னு பாத்தேன். மறுநாளுக்குச் சேலைய எடுத்து மடிச்சு வச்சா. திட்டியிருந்தாக்கூட எனக்குச் சோறு எறங்கியிருக்கும்.

அடுத்த மாசம் லிஸ்ட்டு வந்துச்சு. எங்களுக்குத் தெரிஞ்ச டீச்சர்கள்ல, கேட்ட எடமே கெடைச்சது என் பொண்டாட்டிக்கு மட்டும்தான்.