அப்பா பேசிய அற்புதக் கூட்டம்

பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் பிறந்து, கல்லூரியை முடித்துவிட்டு, இன்னும் கல்யாணமாகாமல் கோயிலுக்குப் போய்வரும் பையனிடம் எல்லாரும் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலாவது, "தம்பி, வேலை கெடச்சிட்டா?" அடுத்தது, "ஒங்களக் குறிச்சு ஆண்டவரோட சித்தம் என்னன்னு தெரிஞ்சிட்டா?" முதல் கேள்விக்கு எதையாவது சொல்லி நழுவிவிடலாம். இரண்டாவதற்கு "இன்னும் தெரியல" என்று சொன்னால், கேட்டவர் நம் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, அங்கேயே ஜெபிக்கத் தொடங்கிவிடுவார். அவர் ஆமென் சொல்வதற்குள் பஸ் போய்விடும். (எனக்கு அப்படி நிறையப் பஸ் போயிருக்கிறது.)

வேலை எனக்கு இருந்தது. கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. இயந்திரம் துப்பும் ரப்பர் வளையங்களை எடுத்துப் பார்த்து, நல்லதை ஒரு பெட்டியிலும் மோசமானதை இன்னொரு பெட்டியிலும் போட வேண்டும். இதற்காகத்தானா பரலோகத்தில் என்னை உட்கார்ந்து திட்டமிட்டார்கள் என்று ஒவ்வொரு வளையத்தையும் பார்த்து யோசிப்பேன். யோசித்ததில் மோசமானது நிறைய நல்ல பெட்டிக்குப் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஞானதாசன் சார் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் "வாங்க, உக்காருங்க" என்பார். கோயிலில் அவர் வேதபாடம் வாசித்தால் கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும். எங்கள் வீட்டில் 'சனி' என்ற சொல்லைக் கிழமையைக் குறிக்க மட்டுமே பயன்படுத்தலாம். யாரையும் திட்டப் பயன்படுத்தக் கூடாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது கம்பு ஊன்றி நடந்தார். வலது கை மடங்கியே இருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. "நாம சொல்றதெல்லாம் அவருக்குப் புரியும். தினமும் யாராவது பக்கத்துல உக்காந்து பொறுமையாப் பேச்சுப் பயிற்சி குடுக்கணும்" என்றார் டாக்டர். யார் உட்காருவது? நான் ஷிப்டில் இருந்தேன். அம்மா முயன்று பார்த்தாள். அப்பா வாயைத் திறப்பார், நெற்றி நரம்பு புடைக்கும், பிறகு வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். கறிவேப்பிலைக்காரியிடம்கூடச் சிரித்துப் பேசுகிறவள், அந்த மாதங்களில் சிரித்து நான் பார்க்கவில்லை.

இந்த நிலையில் பாபநாசத்தில் வாலிபர் முகாம் வந்தது. "போய்ட்டு வாலே, ஒனக்கும் ஒரு மாறுதல் வேணும்லா" என்று அம்மாதான் அனுப்பினாள். (இதை இன்றும் அவளுக்கு ஞாபகப்படுத்துவேன்.) முகாமில் பேச வந்தவர், ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறார், அதைத் தெரிந்துகொள்ளாமல் ஊர் திரும்பாதீர்கள் என்று சொல்லி, எங்களைத் தனித்தனியாக ஆற்றங்கரைக்கு அனுப்பினார். தாமிரபரணி கரைபுரண்டு போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்திலேயே பக்கத்துப் பாறையில் இருந்தவன் அழுதான். அவனுக்கு ஒடிசா போகச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது. இன்னொருத்திக்கு நர்ஸ் வேலை. எனக்கு ஒரு குரங்குதான் வந்தது. என் முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

கடைசியில் பொறுமை இழந்து, கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து ஒரு இடத்தில் விரலை வைத்தேன். ஊமையாயிருந்த ஒருவன் பேசத் தொடங்குகிற இடம் அது.

இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் குணமாக்கும் ஊழியத்துக்கு அழைக்கப்பட்டவன். முதல் அற்புதம் எங்கள் வீட்டு முன்னறையிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

ஊர் திரும்பியதும் வேலையை விட்டேன். வெள்ளை ஜிப்பா இரண்டு தைத்தேன். பிரசங்கிமார் எல்லாருக்கும் தொண்டை கட்டியிருப்பதைக் கவனித்திருந்ததால், மொட்டைமாடியில் கத்திக் கத்தி என் தொண்டையையும் கட்ட வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. என் நண்பன் தங்கதுரை கீபோர்டு வாசிப்பான். தெருமுனையில் பேனர் வைத்தேன். 'அற்புதக் கூட்டம்! ஊமையர் பேசுவர்!' என்ற எழுத்துக்குக் கீழே நான் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். அப்போது மீசைகூட எனக்கு ஒழுங்காக முளைத்திருக்கவில்லை என்பது அந்த அளவில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அம்மா பேனரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏலே, அந்த மனுஷனத் தெருவுல வச்சு வேடிக்க காட்டப் போறியா?"

"எம்மா, ஒனக்கு விசுவாசம் இல்ல."

"எனக்கு விசுவாசம் இருக்கு. ஒம்மேலதான் இல்ல."

நான் அப்பாவிடம் போனேன். முன்னால் முட்டிபோட்டு, "எப்பா, ஆண்டவர் ஒங்களப் பேச வைக்கப் போறாரு. வருவீங்கல்லா?" என்று கேட்டேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். அதை ஆண்டவரின் உறுதிமொழியாக நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசிவிட மாட்டோமா என்று அந்த மனிதர் எவ்வளவு ஏங்கிக் கிடந்திருந்தால் என்னைப் போன்ற ஒருவனை நம்பித் தலையாட்டியிருப்பார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை கூட்டம் நன்றாகவே வந்தது. அப்பாவிடம் படித்தவர்கள் நிறையப் பேர். எங்கள் சபை ஐயர் (போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்) கடைசி வரிசையில், எந்த நேரமும் எழுந்து போக வசதியான ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பாவை அம்மா குளிப்பாட்டி, பள்ளிக்கூட விழாக்களுக்கு உடுத்தும் கரைவேட்டியைக் கட்டி, தலையை வகிடெடுத்து வாரி அழைத்துவந்தாள். பந்தலின் நடுவில் உட்கார வைத்தோம். தன்னிடம் படித்தவர்களைப் பார்த்து இடது கையைத் தூக்கிக் கும்பிட முயன்றார்.

நான் பாடினேன், கத்தினேன், வியர்வையில் ஜிப்பா முதுகோடு ஒட்டிக்கொண்டது. தங்கதுரையிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன்: "அப்பா வாயில இருந்து மொத வார்த்தை வந்ததும் ஒரு நொடி தாமதிக்காத. நன்றிப் பாட்ட வேகமா எடுத்துரு." பிறகு அப்பாவின் அருகில் போய், தலையில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையால் மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"எப்பா! அல்லேலூயா சொல்லுங்க!"

அப்பாவின் உதடு துடித்தது. கூட்டம் முன்னால் சாய்ந்தது. நெற்றி நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது. "ச்... செ..." என்று ஒரு சத்தம் வந்தது. "ஸ்தோத்திரம்!" என்று யாரோ கத்தினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் கடவுள் எங்கள் பந்தலுக்குள் நிற்பதாகவே நம்பினேன்.

"செத்த மூதி!"

தெளிவாக, அழுத்தமாக, வேதபாடம் வாசிக்கும் அதே குரலில் அப்பா சொன்னார். இரண்டு பெட்டி ஒலிபெருக்கியும் அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மூதேவி என்பதை நாங்கள் மூதி என்று சுருக்கிவிடுவோம். முன்னால் 'செத்த' சேர்ந்தால் அது கொஞ்சம் காரமான வசவு.)

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. தங்கதுரை மட்டும் சொன்ன சொல் தவறாமல் நன்றிப் பாட்டை முழு வேகத்தில் எடுத்தான். முன்வரிசையில் ஒரு பெரியம்மா பழக்கதோஷத்தில் கையைத் தட்டவும் தொடங்கிவிட்டாள்.

அப்போது அம்மா சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, அடக்க முடியாமல் சிரித்தாள். அதைப் பார்த்துக் கூட்டமும் சிரித்தது. ஐயர் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சிரிக்காதவர் அப்பாதான். தன் வாயில் இருந்து வந்ததைக் கேட்டு அவர் திகைத்துப் போயிருந்தார். இல்லை, இதைச் சொல்ல வரவில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். மறுபடி முயன்றார். "செத்த மூதி." இன்னும் பலமாகத் தலையை ஆட்டினார். தன்னிடம் படித்தவர்களைப் பார்த்து இடது கையை நீட்டி, எதையோ விளக்கப் பார்த்தார். "செத்த மூதி... செத்த மூதி..." குரல் உடைந்தது. அழ ஆரம்பித்தார். நானோ மரம்போல் மைக்கைப் பிடித்தபடியே நின்றேன். அப்பாவின் அழுகை ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாதான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். ஐயர் மட்டும் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் அப்பாவைக் கூட்டிப்போனோம். அவள் சிரிக்கவில்லை. "யோசிச்சுப் பேசுற வார்த்தைகள் போயிருக்கு. கோவத்துலயும் வலியிலயும் தானா வருமே, அந்த மாதிரி ஒண்ணு மட்டும் மிஞ்சியிருக்கு. அவர் யாரையும் ஏசல. வேற என்னமோ சொல்லத்தான் வாயெடுக்காரு. இதுதான் வருது" என்றாள்.

"இவுகளுக்கு இந்த வார்த்தையே தெரியாதேம்மா" என்றேன் நான்.

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "தெரியும்லே. கல்யாணமான புதுசுல சைக்கிள் செயின் கழண்டா சொல்லுவாவ. ஆள் இல்லாத எடமாப் பாத்து."

அப்பா அவளைப் பார்த்தார். அத்தனை மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் பாதி வாய் சிரித்தது.

எனக்குப் போக இடமில்லை. கம்பெனியில் வேறு ஆள் வந்துவிட்டான். தெருவில் இறங்கினால் "அற்புதம், எங்க கெளம்பியாச்சு?" என்றார்கள். ஆகவே வீட்டிலேயே இருந்தேன். காலையில் வெந்நீர் போட்டு அப்பாவைக் குளிப்பாட்டுவேன், சவரம் செய்துவிடுவேன், எதிரே உட்கார்ந்து "தண்ணி" என்பேன். அவர் "செத்த மூதி" என்பார். சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன். அடுத்த அழைப்பு வரும்வரை இப்படி ஓட்டுவோம் என்று நினைத்தேன். ஒடிசா போனவன் மலைகளின் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தான். நான் வயிறெரிந்துகொண்டே 'ஸ்தோத்திரம்' என்று பதில் போட்டேன்.

'தண்ணி' கடைசிவரை வரவில்லை. ஆனால் அந்த ஒரே வசவில் தாகம் எது, பசி எது, முதுகைச் சொறி என்பது எது, ஏன் இன்னும் அம்மா கடையில் இருந்து வரவில்லை என்பது எது என்று எனக்குப் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டது. பேப்பர் வாசித்துக் காட்டும்போது அரசியல் செய்திகளுக்கு அவர் அதை உண்மையான அர்த்தத்திலேயே சொல்வார்.

ஒருநாள் சவரம் செய்துகொண்டிருந்தபோது எனக்கு மனசு சரியில்லை. "எப்பா, ஆண்டவரு என்னைய எதுக்குப்பா படைச்சாரு?" என்று கேட்டுவிட்டேன். பாதி முகத்தில் நுரையோடு அப்பா யோசித்தார். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து யோசிப்பதுபோலவே யோசித்தார். பிறகு இடது கையால் என் கன்னத்தைத் தடவி, அவ்வளவு பிரியமாக, "செத்த மூதி" என்றார். நான் சிரித்துச் சிரித்துக் கத்தியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் அழுதேன்.

சில வருடங்கள் கழித்து மறுபடியும் பக்கவாதம் வந்தது. இம்முறை அந்த ஒரு வார்த்தையும் போனது, அவரும் போனார். கல்லறைக்குக் கொண்டுபோகும் முன் என்னைப் பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை பழக்கத்தில் எழுந்து வெந்நீர் போட்டுவிட்டேன். கொதிக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அடுக்களையில் நின்றேன். அடுத்த அழைப்புக்குக் காத்திருந்த காலம் என்று நான் நினைத்ததுதான் நான் வேலை செய்த காலம் என்று அங்கே நின்றபோது புரிந்தது. அது முடிந்த பிறகு புரிந்து என்ன பிரயோசனம்? தண்ணீரை எடுத்துக் கொல்லையில் ஊற்றினேன்.

இப்போது நான் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியன். கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாள். எங்களோடு இருக்கும் என் அம்மாவை 'ஆச்சி, ஆச்சி' என்று சுற்றிவருவாள். சபையில் யாரும் இன்றுவரை என் கையில் மைக் கொடுப்பதில்லை. சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகையில் சோறு பரிமாறும்போது மட்டும் தங்கதுரை என்னைத் தூரத்தில் பார்த்தால், நன்றிப் பாட்டை வாயாலேயே வாசிப்பான்.

போன மாதம் மகளின் மழலையர் பள்ளியில் இருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் என் மனைவியும் போனோம். டீச்சர் சங்கடத்தோடு சொன்னார்: "பாப்பா என்னைக் கட்டிப்பிடிச்சு, ஒரு கெட்ட வார்த்தை சொல்லுதா சார். ஹெட்மாஸ்டர் ஐயா பேத்தி, அதான் எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

என்ன வார்த்தை என்று நாங்கள் கேட்கவில்லை. மகளை மடியில் தூக்கி வைத்து, "ஏட்டி, டீச்சர அப்படிச் சொல்லலாமா?" என்றேன்.

"டீச்சர எனக்குப் பிடிக்கும்லாப்பா" என்றாள் அவள்.

"பிடிச்சா அப்படிச் சொல்லணும்னு யாரு சொல்லித் தந்தா?"

"ஆச்சிதான். காலையில எந்திச்சதும் தாத்தா போட்டோவத் தொட்டு அப்படித்தான சொல்லுதா."