ஒரு குரல், ஒரே பிரதி

எதையும் ஒழுங்காக வைத்திருப்பவனிடம்தான் வீட்டார் முக்கியமான சாமான்களை ஒப்படைப்பார்கள். அவன் தொலைத்தால் அதையும் ஒழுங்காக, மிச்சம் மீதி இல்லாமல் தொலைப்பான் என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

எனக்கு அப்போது முப்பத்துச் சொச்சம் வயது. நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் அலுவலக வேலை. கனடாவில் இருக்கும் மச்சான் எனக்கு ஒரு பாட்டுப் பெட்டி அனுப்பியிருந்தார். சவர்க்காரக் கட்டி அளவு, அதைவிடப் பாரம். உள்ளே குட்டி ஹார்ட் டிஸ்க். ஆயிரக்கணக்கில் பாட்டுக் கொள்ளும். என் சகலன் சுதனிடம் (மனைவியின் தங்கையின் கணவர், குச்சவெளியில் மீனுக்கு ஐஸ் கொடுப்பவர்) இருந்ததோ விரலளவு பிளாஷ் மெமரிப் பிளேயர். கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். சில பாட்டோடு நிரம்பிவிடும். சாரத்தோடு சேர்த்து அதைத் துவைத்தும் இருக்கிறார்.

"உதுக்குள்ள ஒண்டுமே அசையாது சுதன். என்ரைக்குள்ள ஒரு தட்டுச் சுத்துது. அதுக்கு மேல ஒரு ஊசி, தொடாமல் நிண்டு வாசிக்குது."

"சுத்துறது நல்லதோ, அண்ணை?"

நல்லதா கெட்டதா என்று நான் யோசித்ததே இல்லை. பூமியே சுற்றுகிறது என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

மாமா, அதாவது என் மனைவியின் தகப்பனார், குச்சவெளிக் கோயிலில் தேவாரம் பாடுபவர். அவர் பாடியதையெல்லாம் நான் கசெற்றில் பதிந்து வைத்திருந்தேன். பெட்டி வந்ததும் கணினி வழியாக அத்தனையையும் அதற்குள் ஏற்றி, பண் வாரியாகப் பிரித்து அடுக்கினேன். பூஞ்சணம் பிடித்த கசெற்றுகளை எரித்தேன். கணினியில் இருந்ததையும் அழித்தேன். ஒரே சாமான் இரண்டு இடத்தில் கிடந்தால் எனக்கு உடம்பு கூசும். எதற்கும் ஒரு இடம், ஒரு பிரதி. அதுதான் என் கொள்கை.

அந்த வருடமே மாமா காலமானார். செத்தவீட்டில் மாமி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, அந்தியேட்டியண்டைக்கு அவர் பாடினதைப் போட்டுவிடுங்கோ. எனக்கு அது போதும்."

ஒரு மாதம் கழித்து அந்தியேட்டி வந்தது. கிரியைகளுக்கு உதவ மனைவி முதல் நாளே குச்சவெளிக்குப் போய்விட்டாள். நான் காலையில் கரையோரப் பஸ்ஸில் ஏறினேன். கடைசி வரிசையில், பின்சில்லுக்கு மேலேதான் இடம் கிடைத்தது. அன்றைய தெருவில் பள்ளங்களுக்கு நடுவேதான் அங்கங்கே தார் இருக்கும். புத்தியுள்ளவன் பெட்டியை நிறுத்திவிட்டு மடியில் பொத்தி வைத்திருப்பான். நான் கவனமானவன் அல்லவா? எல்லாப் பாட்டும் சரியாக இருக்கிறதா என்று, ஒவ்வொன்றாக ஓடவிட்டுச் சரிபார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் நானும் பெட்டியும் ஒரு முழம் எழும்பி விழுந்தோம். ஓரிடத்தில் மாமாவின் குரல் அறுந்து, காதுக்குள் டிக், டிக் என்று கேட்டது. பஸ்ஸுக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஓட்டுநர்மேல் இரக்கப்பட்டேன்.

வீட்டில் கிரியைகள் முடிந்து சனம் பந்தலுக்குள் இருந்தது. மாமி முன்னால் ஒரு கதிரையில். நான் ஒலிபெருக்கியைப் பூட்டி, ஹார்ட் டிஸ்க்கின் மகிமை பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு (ஓம், பேசினேன்) பொத்தானை அமத்தினேன்.

டிக். டிக். டிக்.

ஒலிபெருக்கி அதைக் குச்சவெளி முழுவதற்கும் எடுத்துச் சொன்னது. அணைத்துப் போட்டேன். குலுக்கினேன். ஒரு பெரியவர் வாங்கி, பழைய ரேடியோவுக்குச் செய்வதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார். அதோடு அந்தச் சத்தமும் நின்றது.

"வேற எங்கயும் வச்சிருப்பியள்தானே, தம்பி?" என்று மாமி கேட்டார்.

"இல்லை மாமி."

மாமி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். ஒரு சொல் ஏசியிருந்தால் எனக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

அப்போது சுதன் கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். "மாமி, இதில மாமாட குரல் கொஞ்சம் கிடக்கு. வாங்கின புதுசில பதியுதோ எண்டு பாத்தனான். ஆனா பாட்டில்லை." என்னைப் பார்த்து, "குறை நினையாதேங்கோ அண்ணை" என்றார்.

அதை ஒலிபெருக்கியில் பூட்டியதும் மாமாவின் குரல் பந்தலை நிறைத்தது.

"மருமகன், என்ர அலுமாரியை அடுக்கச் சொல்லி உங்களை ஆர் கேட்டது? என்ர சால்வை எங்க? ஒரு சாமான் எடுக்க ஏலாமக் கிடக்கு. உங்கட ஒழுங்குதான் ஒரு நாளைக்கு என்னைக் கொண்டுபோகப் போகுது."

பிறகு செருப்புச் சத்தம். தூரத்தில், தேடிக்கொண்டே அவர் முணுமுணுத்த ஒரு பண்ணின் துண்டு. அவ்வளவுதான்.

சனம் சிரிப்பதா அழுவதா என்று மாமியின் முகத்தைப் பார்த்தது. மாமி கண்ணைத் துடைத்தார்.

"இன்னொருக்காப் போடுங்கோ."

பெட்டியைக் கொழும்புவரை கொண்டுபோய்த் திறந்து பார்த்தேன். ஊசி தட்டைச் சுரண்டியிருந்தது. பாட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. மாமி இருந்தவரை பின்னேரங்களில் சுதனின் பிளேயரைக் காதோடு வைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் வரும் அந்த முணுமுணுப்புக்காக, முழு ஏச்சையும் பொறுமையாகக் கேட்பார். என்னை ஒருநாளும் குறை சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

இப்போதும் ஒவ்வொரு திவசத்திலும் இலை போடுமுன் அதைப் போடுகிறார்கள். மாமாவைக் கண்டிராத பேரப்பிள்ளைகள்கூட வீட்டில் எது காணாமல் போனாலும், "மருமகன், என்ர சால்வை எங்க?" என்று அவர் குரலிலேயே கேட்கிறார்கள். சால்வை அலுமாரியின் இரண்டாம் தட்டில், நான் எழுதி ஒட்டிய இடத்திலேயே இருந்தது என்பதைச் சொல்ல இன்றுவரை ஒருவரும் என்னை விடவில்லை.

என் கொள்கையை மாற்றிக்கொண்டேன். அந்தப் பதிவை இப்போது நான்கு இடங்களில் வைத்திருக்கிறேன். நான்கிலும் மாமா என்னைத்தான் ஏசுகிறார்.